சுரத்தில் அமர்ந்திருந்தவளின் சுமை: ஒரு பயணத் திட்டத்தை வாசித்தல்

பயணம் போய்த் திரும்பியவர் எழுதுவதை இலக்கியம் என்கிறோம். போவதற்கு முன் எழுதுவதை அப்படி யாரும் சொல்வதில்லை. எத்தனை நாள், எத்தனை கிலோ, எந்தப் படகு, எவ்வளவு அரிசி என்று குறித்துவைக்கும் தாள் காரியம் முடிந்ததும் குப்பைக்குப் போகிறது. ஒரு சமூகம் யாருடைய கால்களை நம்புகிறது, யாருடைய கால்களைச் சந்தேகிக்கிறது என்பது பயணக் கதையைவிட இந்தத் தாளில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. கதையில் நடந்தவள் இருக்கிறாள். நடக்க அனுமதிக்கப்பட்டவள் யார் என்பது திட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொள்ளும் பிரதி ஒரு பயணத் திட்டம்.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. தீவின் நீளம் சுமார் 72 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 14 கிலோமீட்டர். 1940இல் தேசியப் பூங்காவானது. 1976இல் அதன் நிலப்பரப்பு ஏறக்குறைய முழுவதும் சட்டப்படி ‘வில்டர்னெஸ்’ ஆக அறிவிக்கப்பட்டது. கார் போகாது. கைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்து, ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் முடிய மட்டும் திறந்திருக்கும். ஹௌட்டன் என்ற ஊரிலிருந்து படகில் சுமார் 6 மணி நேரம். இறங்கும் துறையின் பெயர் ராக் ஹார்பர். அங்கிருந்து நீரை ஒட்டியே ஒரு நடைபாதை போகிறது. சுமார் 11 கிலோமீட்டரில் டெய்சி ஃபார்ம் என்ற முகாம். இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போனால் மாஸ்கி பேசின் என்ற அமைதியான வளைகுடா. கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் முதுகில்தான் போகவேண்டும்.

மினியாபொலிஸில் பணிபுரியும் என் முன்னாள் மாணவி, அடுத்த கோடையில் இந்தப் பாதைக்கு என்னை அழைத்திருக்கிறாள். சில மாதங்களாக வழிகாட்டி நூல்களும் சுமைப்பட்டியல்களும் என் மேசையில் சங்க இலக்கியப் பதிப்புகளோடு கலந்து கிடக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

தமிழ் படித்தவர்களுக்கு வழிகாட்டி நூல் புதிதல்ல. பரிசில் பெற்றுத் திரும்புபவர் பரிசில் தேடிப் போகிறவருக்கு வழி சொல்வதை ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாகவே வைத்திருந்தோம். எந்த நிலத்தில் என்ன உண்ணக் கிடைக்கும், எங்கே தங்கலாம், எதற்கு அஞ்சவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. மலைபடுகடாம் மலைவழியின் ஆபத்துகளை வரிசையாகச் சொல்கிறது. பன்றிக்காக வைத்த பொறி, புனம் காப்பவர் கவணில் எறியும் கல், வழுக்கும் பாறை, பாம்பு. ஐல் ராயலுக்கான எச்சரிக்கைகளைப் படித்தபோது எனக்கு நன்னனின் மலைதான் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த ஏரிநீரில் விழுந்தால் உடல் விறைத்துவிடும். கடம்பைமான் போன்ற பெரிய மூஸ் மானை நெருங்காதே. நாடாப்புழு முட்டை இருக்கலாம், நீரைக் கொதிக்க வை அல்லது வடிகட்டு, மாத்திரையை மட்டும் நம்பாதே. நரி காலணியைத் தூக்கிப் போய்விடும், கூடாரத்துக்குள் வை. சொல்முறை ஒன்றுதான். வழி தெரிந்தவர் வழி தெரியாதவருக்குக் காட்டும் அக்கறை அது.

இந்த அக்கறை யாரை நோக்கியது என்பதில்தான் சிக்கல். ஆற்றுப்படுத்துவோரும் ஆற்றுப்படுத்தப்படுவோரும் கூத்தர், பாணர், பொருநர், விறலி என நால்வகையினர் என்கிறது தொல்காப்பியம். பத்துப்பாட்டில் முருகாற்றுப்படையை விட்டால் நான்கு ஆற்றுப்படைகள் மிஞ்சுகின்றன. பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று. இலக்கணம் பெயர் சொல்லி அழைத்த விறலிக்கு ஒரு நெடும்பாட்டுகூட இல்லை. அந்த நெடும்பாட்டுகளில் பெண் இல்லாமலும் இல்லை. பொருநராற்றுப்படையில் பாடினி தலைமுடியிலிருந்து பாதம்வரை வருணிக்கப்படுகிறாள். நடந்து களைத்த அவள் பாதம் இளைத்த நாயின் நாக்குக்கு உவமிக்கப்படுகிறது. உவமை அழகு, நுட்பமானதும்கூட. ஆனால் அந்தப் பாதத்துக்கு உரியவளிடம் யாரும் வழி சொல்லவில்லை. அவள் நடக்கிறாள். வழி அவளோடு வரும் ஆணிடம் சொல்லப்படுகிறது. பாதத்தின் களைப்பு காட்சியாகிறது, தகவலாகவில்லை.

இன்றைய சுமைப்பட்டியலில் இதன் மறுபக்கம் இருக்கிறது. அங்கே பெண்ணை யாரும் வருணிப்பதில்லை, அவள் இல்லவே இல்லை. முதுகுச்சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மலையேறிகளிடையே பரவலாக வழங்கும் விதி. பால்பேதம் இல்லாத, நியாயமான விதியாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோ எடையுள்ள ஆண் 16 கிலோ சுமக்கலாம். 52 கிலோ எடையுள்ள நான் 10.4 கிலோ சுமக்கலாம். ஆனால் கூடாரம் என்னைப் பார்த்து எடை குறைவதில்லை. நான் தனியாகப் போனால் கூடாரம் 1.5 கிலோ, உறக்கப்பை 1, பாய் 0.5, அடுப்பும் எரிபொருளும் 0.6, வடிகட்டி 0.3, ஐந்து நாள் உணவு 3.5, கையில் நீர் 2, மழை உடையும் துணியும் 2, பை 1.5. மொத்தம் 12.9 கிலோ. விதிப்படி நான் போகக்கூடாது. அந்த ஆணோ இதைச் சுமந்துகொண்டு, இன்னும் மூன்று கிலோவுக்குப் புத்தகமும் கேமராவும் எடுத்துக்கொள்ளலாம்.

“அப்படியானால் பெண்ணுக்கு வலு குறைவு” என்று ஒருவர் முடிவுகட்டலாம். எனக்குக் கிடைக்கும் முடிவு வேறு. தனியாக நடப்பதே நடையின் உச்சம் என்ற எண்ணம் பெரிய உடம்புக்கு மலிவாகக் கிடைக்கிறது. சிறிய உடம்பு அதற்கு அதிக விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. மூன்று பெண்கள் சேர்ந்து போனால் என்ன ஆகிறது? மூவருக்கான கூடாரம் 2.4 கிலோ என்றால் என் பங்கு 0.8. அடுப்பும் கூடுதல் எரிபொருளும் 0.9 என்றால் என் பங்கு 0.3. வடிகட்டியில் 0.1. சுமை 11.7 ஆகிறது. ஐந்து நாளை மூன்று நாளாக்கினால் உணவு 2.1 கிலோ. இப்போது மொத்தம் 10.3. விதி என்னை உள்ளே விடுகிறது. உடம்பு மாறவில்லை, பயணத்தைப் பற்றிய கற்பனை மாறியிருக்கிறது. தனிமனித சாகசம் என்ற சட்டகத்தைக் கழற்றி வைத்ததும் நாலு கிலோமீட்டர் நடப்பதற்கே யோசிக்கும் ஒருத்திக்கும் அங்கே இடம் கிடைத்துவிடுகிறது.

பட்டியலில் மாதவிடாய் வரும் இடத்தையும் கவனியுங்கள். பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காமல் கட்டித் திரும்ப எடுத்து வரவேண்டும் என்ற ஒரு வரி, குப்பை பற்றிய பகுதியில் இருக்கிறது. விதி சரியானது, நிலத்துக்கு நல்லது. ஆனால் மூன்று நாள் வயிற்றுவலியோடு நடந்தால் நடைவேகம் எவ்வளவு குறையும், நீரை எடுத்து எவ்வளவு தூரம் தள்ளிப்போய்க் கழுவவேண்டும், கூடுதல் துணி எத்தனை கிராம் என்பவை உணவு, உடை, தூரம் பற்றிய பகுதிகளில் வந்திருக்கவேண்டும். நம் வீடுகளில் அந்த மூன்று நாள் வெளியே போகாதே என்கிறார்கள். பட்டியல் அப்படிச் சொல்லவில்லை, அந்த மூன்று நாள் இருப்பதையே மறந்துவிடுகிறது. விலக்குவதும் மறப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் பெண் தன் ஏற்பாட்டைத் தானே ரகசியமாகச் செய்துகொள்ளவேண்டியிருக்கிறது.

சட்டத்தின் மொழிக்கு வருவோம். 1964ஆம் ஆண்டின் அமெரிக்க வில்டர்னெஸ் சட்டம், மனிதன் வந்து போகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கும், அவன் தங்கிவிடாத நிலம் என்ற பொருளில் இந்தச் சொல்லை வரையறுக்கிறது. காட்டுக்கு முன் மனிதன் தன்னைச் சிறியவனாக்கிக்கொள்ளும் வாசகம். அதில் உள்ள பணிவை நான் மதிக்கிறேன். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பல ஏரிக்கரைகளில் இன்று விடுதிகள்தான் இருக்கும். ஆனால் தமிழில் வாழும் பெண்ணுக்கு ‘விருந்தாளி’ என்ற சொல் அவ்வளவு எளிதாக இறங்காது. நம் மரபில் விருந்து என்று ஒன்று இருந்தால் அதை ஓம்ப ஒருத்தி இருந்தாக வேண்டும். விருந்தாளி வெறுங்கையோடு வருவார், நிறைந்த வயிற்றோடு போவார். நடுவில் நடப்பது அடுக்களையில் நடக்கும். ஆகவே யாருமற்ற இடத்தில் ஒருவர் விருந்தாளி என்று படித்ததும் என் மனம் தானாகக் கேட்டது: இந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

இருந்தார்கள். ஓஜிப்வே மக்கள் அந்தத் தீவை மினாங் என்று அழைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்கே செம்பு தோண்டப்பட்டது. ஓஜிப்வேயர் மீன் பிடித்தார்கள், மேப்பிள் மரத்தின் நீரிலிருந்து சர்க்கரை காய்ச்சினார்கள். 1842, 1844 ஒப்பந்தங்களின் வழியே தீவு அமெரிக்க அரசின் கைக்குப் போனது. அரசுக்கு வேண்டியிருந்தது செம்பு. பிறகு சுரங்கக்காரர்கள் வந்து போனார்கள். மீனவக் குடும்பங்கள் வந்தன. பூங்கா ஆனபோது அவர்களில் சிலருக்கு ஆயுட்கால உரிமை மட்டும் தரப்பட்டது. அவர்கள் காலம் முடிந்ததும் வீடுகள் வெறிச்சோடின. அந்த வெறுமையைத்தான் இன்று நாம் இயற்கை என்று பார்க்கப் போகிறோம். வில்லியம் க்ரோனன் 1995இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தீண்டப்படாத காடு என்பது மனிதர்கள் உருவாக்கிக்கொண்ட ஒரு கருத்து என்று வாதிட்டார். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தீண்டப்படாதது, கன்னி நிலம், ஊடுருவுதல், வெல்லுதல் என்று நிலத்தைப் பேசும் சொற்களெல்லாம் பெண்ணுடலைப் பேசும் சொற்கள். அந்த மொழியைக் கேள்வி கேட்காமல் அந்தக் காட்டுக்குள் ஒரு பெண் போனால், அவளும் வெல்ல வந்தவளாகவே பேச வேண்டியிருக்கும்.

ராக் ஹார்பர் பாதையில் நடக்கும்போது நீருக்கு அப்பால் ஒரு சிறு தீவு தெரியும் என்கிறது வரைபடம். மோட் தீவு. பூங்காவின் கோடைக்காலத் தலைமை அலுவலகம் இருக்கும் இடம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஆஞ்சலிக் மோட் என்ற ஓஜிப்வே பெண் இருக்கிறாள். 1845 கோடையில் செம்பு தேடி வந்தவர்கள் ஆஞ்சலிக்கையும் அவள் கணவன் சார்லியையும், கண்டுபிடித்த செம்பைக் காவல் காக்கத் தீவில் விட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்சம் மாவு, வெண்ணெய், அவரை. விரைவில் படகில் உணவு வரும் என்ற வாக்கு. படகு வரவில்லை. அவர்களிடமிருந்த தோணியும் புயலில் போயிற்று. குளிர்காலத்தில் சார்லி பசியால் இறந்தான். கணவனின் உடல் கிடந்த குடிலை விட்டு விலகி, தனக்கென்று வேறொரு குடில் அமைத்துக்கொண்டாள். தன் தலைமுடியைப் பிடுங்கிக் கண்ணியாக முறுக்கி முயல் பிடித்தாள். 1846 வசந்தத்தில் படகு வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள்.

இதை அவள் சொல்லக் கேட்டு வேறொருவர் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்று சுற்றுலா எழுத்தில் இது ஓர் அதிசயக் கதையாகச் சொல்லப்படுகிறது. அசாத்தியத் துணிச்சல் கொண்ட பெண் என்கிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டு உறுத்துகிறது. இது துணிச்சலைப் பற்றிய கதையாவதற்கு முன்பு திட்டத்தைப் பற்றிய கதை. இருவருக்கு எத்தனை நாளுக்கு எவ்வளவு மாவு என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் இவர்கள் உயிர் ஒரு பொருட்டாக இல்லை. செம்பு பத்திரமாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே இருந்தது. தீவில் ஆஞ்சலிக் விருந்தாளியாகவும் இல்லை, சாகசக்காரியாகவும் இல்லை. கூலிக்கு வந்தவள், கைவிடப்பட்டவள். தலைமுடிக் கண்ணியைப் பெண்மையின் வலிமைக்குக் குறியீடாக்கி நாம் நெகிழ்ந்துபோனால், வராத படகு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

பெண்ணியம் பேசும் பயண எழுத்தும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. செரில் ஸ்ட்ரேய்ட் 1995இல் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் தனியாக நடந்ததை 2012இல் ‘வைல்ட்’ என்ற நூலாக எழுதினார். தூக்கவே முடியாத தன் பைக்கு அவர் ‘மான்ஸ்டர்’ என்று பெயர் வைத்ததை என் மாணவிகள் சிரித்துக்கொண்டே படித்தார்கள், படித்து முடித்தபோது சிலர் அழுதார்கள். தாயை இழந்த மகள் தன் காலால் துக்கத்தை நடந்து கடக்கும் அந்த நூலை எனக்கும் பிடிக்கும். பெண் தனியாக நடந்தால் கெட்டுப்போவாள் என்ற பழைய கதையை அது உடைத்தது. ஆனால் அதில் நிலம் மருந்தாகிறது. நோய் குணமானதும் மருந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு பெண் தன்னைக் கண்டடைய ஒரு காடு காலியாக இருக்கவேண்டும் என்றால், அந்தக் காலியிடத்துக்கு வேறொரு பெண் விலை கொடுத்திருப்பாள். ஸ்ட்ரேய்டின் தனிமையையும் ஆஞ்சலிக்கின் தனிமையையும் ஒரே சொல்லால் அழைக்க என்னால் முடியவில்லை.

வழிகாட்டி நூலுக்குள் பெண்ணின் பெயர் என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அது வேறோர் ஏரி நாட்டைச் சேர்ந்தது. 1818 அக்டோபரில் டோரதி வேர்ட்ஸ்வொர்த், மேரி பார்க்கர் என்ற தோழியோடு இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் மலையில் ஏறினார். அதைப் பற்றி அவர் எழுதியது, அண்ணன் வில்லியம் எழுதிய ஏரி மாவட்ட வழிகாட்டியின் பின்னாளைய பதிப்பில் டோரதியின் பெயரில்லாமல் சேர்க்கப்பட்டது. படித்தவர்கள் ஏறியவர் வில்லியம் என்றே எண்ணியிருப்பார்கள். நடந்தவள் மறைந்து வழி மட்டும் மிஞ்சியது. அவள் சொன்ன வழியில் அவள் பெயர் தெரியாமலே எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள்.

இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் புறநானூற்றின் 103ஆம் பாட்டு எனக்கு எவ்வளவு அரியது என்று புரிகிறது. புறநானூற்றில் விறலியாற்றுப்படைகள் ஒரு சிலவே. அவற்றுள் இது ஔவையார் பாடியது. வறண்ட சுரத்தில் ஒரு விறலி அமர்ந்திருக்கிறாள். காவடியில் ஒருபக்கம் பதலை, மறுபக்கம் சிறுமுழவு. கையில் வளை சிலதான். கவிழ்ந்து கிடக்கும் என் உண்கலத்தை நிமிர்த்துவார் யார் என்று கேட்கிறாள். ஔவையார் அவளிடம் அதியமானைப் பற்றிச் சொல்கிறார். போக விரும்பினால் அவன் தொலைவில் இல்லை, வறட்சிக் காலத்திலும் காப்பவன்.

அரசனைப் புகழும் பாட்டாகத்தான் இதைக் காலகாலமாகக் கற்பித்து வருகிறோம். பெண் பெண்ணுக்கு வழி சொல்லும் பாட்டாக வாசித்துப் பாருங்கள். ஔவையார் அவள் முகத்தையும் கூந்தலையும் வருணிக்கவில்லை. அவள் சுமையைத்தான் பார்க்கிறார், இரண்டு பக்கமும் என்ன தொங்குகிறது என்று. பிறகு பசியைப் பார்க்கிறார். பாதத்தை நாயின் நாக்கோடு ஒப்பிடாமல், தூரம் எவ்வளவு என்று சொல்கிறார். உன் கணவன் எங்கே, துணைக்கு யார் என்ற கேள்வி பாட்டில் இல்லை. போகத்தான் வேண்டுமா என்ற அறிவுரையும் இல்லை. அவள் போக விரும்புவாளா என்பதை அவளிடமே விடுகிறது பாட்டு. சுமை, பசி, தூரம், விருப்பம். ஒரு பயணத் திட்டத்துக்கு இந்த நான்கும் போதும்.

நான் தீவுக்குப் போவதாகச் சொன்னதிலிருந்து வீட்டிலும் கல்லூரியிலும் கேட்கப்பட்ட முதல் கேள்வி “தனியாகவா?” இரண்டாவது “ஓநாய் இருக்காமே?” ஓநாய்கள் இருக்கின்றன. 1958 முதல் அந்தத் தீவில் ஓநாயையும் மூஸ் மானையும் இடைவிடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். 2018இல் இரண்டு ஓநாய்களே மிஞ்சியபோது, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகும். கேட்டவர்களுக்கும் ஓநாய் உண்மையான கவலை இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் கேள்வியைக் கொஞ்சம் நாகரிகமாகத் திரும்பக் கேட்க இரண்டாவது கேள்வி உதவுகிறது. ஆண் பேராசிரியர் ஒருவர் இமயமலைக்குப் போவதாகச் சொன்னபோது அதே அறையில் கேட்ட கேள்வி “எப்போது திரும்புகிறீர்கள், சார்?” அவருக்குத் தேதி கேட்டார்கள். எனக்குத் துணை கேட்டார்கள்.

ஆகவே திட்டத்தை நாங்கள் இப்படி எழுதியிருக்கிறோம். மூன்று பெண்கள். மூன்று நாள். முதல் நாள் டெய்சி ஃபார்ம் வரை 11 கிலோமீட்டர். இரண்டாம் நாள் கூடாரத்தை அங்கேயே விட்டு, லேசான பையோடு மாஸ்கி பேசின் போய் வருவது. மூன்றாம் நாள் திரும்புவது. யாருக்காவது மாதவிடாய் வந்தால் இரண்டாம் நாள் நடை கிடையாது. மூவரும் கரையில் உட்கார்ந்திருப்போம், அதுவும் திட்டத்தில் இருக்கிறது. வானிலையால் படகு தாமதிக்கலாம் என்பதால் ஒரு நாள் உணவைப் படகுத்துறைக்கு வந்ததும் பிரிக்கும் தனிப்பொதியாக வாங்குகிறோம். ஆஞ்சலிக்கைப் படித்தபின் அந்த வரியை என்னால் விட முடியவில்லை. மோட் தீவு தெரியும் இடத்தில் ஓய்வு என்று குறித்திருக்கிறோம், அவள் பெயரோடு. தாளின் கீழே எங்கள் மூவர் பெயரும் இருக்கின்றன.

என் மாணவிகளுக்கு இந்தப் பருவத்தில் நான் தந்திருக்கும் பயிற்சி இதுதான். நீங்கள் போக நினைக்கும் ஓர் இடத்துக்குத் திட்டம் எழுதுங்கள். ஏற்காடாக இருக்கட்டும், எவரெஸ்ட்டாக இருக்கட்டும். யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்ற பத்தியை எழுதாதீர்கள். சுமையை எழுதுங்கள், பசியை எழுதுங்கள், தூரத்தை எழுதுங்கள். அந்த நிலத்தில் முன்பு இருந்தவள் யார் என்று தேடி எழுதுங்கள். எழுதி முடித்து உங்கள் பெயரைப் போடுங்கள். பிறகு, சுரத்தில் உட்கார்ந்திருக்கும் வேறொருத்திக்கு அதைக் கொடுங்கள்.